அரை டிகிரி

எங்கள் ஆபீஸில் ஒரு வசனம் உண்டு: "ஸ்கேன் பொய் சொல்லாது." இடத்தைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்தவருக்கும் கேமரா நகர்ந்த பாதையை டிராக் செய்தவருக்கும் சண்டை வரும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிப் பஞ்சாயத்தை முடித்துவைப்பார்கள். பெரும்பாலும் அந்த யாராவது நான்தான். வடபழனிப் பக்கம், சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி செய்து கொடுக்கும் ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவில் 12 வருடமாக இருக்கிறேன். கடைசி ஆறேழு வருடமாக லொக்கேஷனுக்குப் போய் லேசர் ஸ்கேன் எடுப்பதும், எடுத்ததைத் தைத்துத் துடைத்து மற்ற டிபார்ட்மென்ட்டுகளுக்குக் கொடுப்பதும்தான் வேலை. டெய்லர் தன் டேப்பை நம்புவது போல நான் ஸ்கேனை நம்பினேன். 2024ல் மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவை ஸ்கேன் செய்த பிறகு அந்த வசனம் வாயில் கொஞ்சம் இடறுகிறது. பொய் சொல்லாது, சரி. கேட்காமலே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படத்தின் பெயரைச் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காட்சி இவ்வளவுதான்: ராத்திரி, அடைமழை, தெருவில் தண்ணீர் ஏறுகிறது, நாயகன் வீட்டுப் படியைத் தொட்டு உள்ளே போகிறது. திரையில் 4 செகண்ட், 96 ஃபிரேம். டேங்கர் லாரி வைத்துத் தரையை நனைக்கலாம், இரண்டடி வெள்ளத்தை வரவழைக்க முடியாது. அதனால் ஈரத் தெருவைப் படம்பிடித்து, வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் விடுவது என்று முடிவானது. இதற்குப் படம் மட்டும் போதாது. கேமரா எடுத்தது தட்டையான படம். தண்ணீருக்குப் படம் தெரியாது, பள்ளம் மேடுதான் தெரியும். தெருவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே தேங்கும், எந்தத் தூணில் மோதிப் பிரியும் என்று கணக்குப் போட முடியும்.

மூன்று பால்காரர்கள்

மார்ச் மாதம், விடியற்காலை ஐந்து மணி. வாடகைக்கு எடுத்த ஸ்கேனரை முக்காலியில் ஏற்றிச் சுவர்களில் செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளைக் காகிதங்களை ஒட்டிக்கொண்டிருந்தோம். இந்தக் காகிதங்களை வைத்துத்தான் பிறகு ஒரு ஸ்கேனையும் அடுத்த ஸ்கேனையும் பொருத்துவது. முதல் காகிதத்தை ஒட்டும்போதே ஒரு பெரியவர் பனியனோடு வந்துவிட்டார். "மெட்ரோவா?" இல்லை சார், சினிமா. "ரோடு அகலப்படுத்துறாங்களா?" இல்லை சார், சினிமா. அவர் நம்பவே இல்லை. சென்னையில் முக்காலி வைத்து நிற்பவனைப் பார்த்தால் யாருக்கும் சினிமா ஞாபகம் வருவதில்லை, வீடு போகப்போகிறது என்றுதான் தோன்றுகிறது. அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஸ்கேனர் செய்யும் வேலை கேட்க எளிது. உள்ளே ஒரு கண்ணாடி வேகமாகச் சுற்றும், அதன் வழியாக லேசர் துடிப்பு வெளியே போகும், எதிலாவது பட்டுத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம். ஒளி ஒரு நானோ செகண்டில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும், அதாவது ஏறக்குறைய ஒரு அடி. மில்லிமீட்டர் வித்தியாசம் வேண்டுமென்றால் அந்த நானோ செகண்டையும் நூற்றுக்கணக்கில் கூறு போட வேண்டும். இதைக் கருவி செகண்டுக்குப் பல லட்சம் தடவை செய்துகொண்டே மெதுவாகத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும். அப்புறம் முக்காலியைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி. வேப்பமரத்துக்குப் பின்னால், நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால், கேட் தூணுக்குப் பின்னால் என்று ஓரிடத்திலிருந்து மறைவது இன்னோர் இடத்திலிருந்து தெரியும். 120 மீட்டர் தெருவுக்கு 14 நிறுத்தம். முடிக்கும்போது ஏழரை மணி, 60 கோடிப் புள்ளிகள்.

புள்ளிகளை ஸ்கிரீனில் முதலில் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு கிறக்கம் வரும். தெரு அப்படியே மிதக்கும், தொட்டால் உதிர்ந்துவிடும் போல. வாசல் கோலம்கூடத் தெரியும். கோலத்துக்கு ஆழம் கிடையாது, ஆனால் வெள்ளை மாவு லேசரை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் புள்ளிகளின் பிரகாசத்தில் விழுந்துவிடும். ஒரே பால்காரர் மூன்று இடத்தில் இருந்தார், மூன்றும் அரைகுறை. ஓரிடத்தில் சைக்கிளின் பின்சக்கரமும் கேனும் மட்டும், ஓரிடத்தில் தலை இல்லாத சட்டை, ஓரிடத்தில் வெறும் கோடுகள். கருவி சுற்றும்போது நகர்வது எல்லாம் இப்படித்தான் கிழிந்து பதியும். கண்ணாடி ஜன்னல்களில் ஓட்டை. ஒரு வீட்டுத் திண்ணைச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால், நிஜத்தில் அடுத்த வீட்டுச் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில், தெருவின் இன்னொரு பாதி தலைகீழாக இல்லாமல் இடவலம் மாறி நின்றது. இதெல்லாம் எங்கள் பாஷையில் நாய்ஸ். நாய்ஸைத் தேய்த்து எடுப்பவன் நான். அந்தத் தெருவிலிருந்து மூன்று பால்காரர்களையும் ஒரு பசுவையும் பனியன் பெரியவரையும் ஒரு மதியத்தில் அழித்தேன்.

இந்தக் கருவிக்குச் சுத்தமாகப் பிடிக்காத பொருள் ஒன்று உண்டு என்றால் அது தண்ணீர். எங்களிடம் இருந்ததன் லேசர் 1550 நானோமீட்டர் அலைநீளம், அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தைத் தண்ணீர் குடித்துவிடும். தார் ரோடு ஈரமாக இருந்தால் புள்ளிகள் மங்கலாக, குறைவாக வரும். தேங்கிய குட்டையில் அநேகமாக ஒன்றும் வராது. அதனால் ஸ்கேன் முடிகிற வரைக்கும் யாரும் வாசல் தெளித்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளக் காட்சிக்காக ஒரு தெருவை அளக்கப் போய், ஒரு சொம்புத் தண்ணீருக்கு பயந்துகொண்டிருந்தோம். பாதிப்பேர் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டார்கள். காயும் வரை நின்றோம்.

ஓட்டை

புள்ளிகளை மெஷ் என்னும் முக்கோண வலையாக மாற்றி, 20 லட்சம் முக்கோணத்துக்குக் குறைத்து, எஃபெக்ட்ஸ் டிபார்ட்மென்ட்டில் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். ஹூடினி என்ற சாஃப்ட்வேரில் தண்ணீர், புகை மாதிரி விஷயங்களுக்குச் சிமுலேஷன் செய்பவன், திருநெல்வேலிக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாள் கழித்து என் சீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, உங்க மெஷ்ல ஓட்டை இருக்கு."

"எங்க?"

"இடது பக்கம், வேப்பமரத்துக்கு எதிர்ல. தண்ணி எல்லாம் அங்க போயி ஊத்துது. ஹீரோ வீட்டுக்கு ஒரு சொட்டு போகல."

மெஷ்ஷில் ஓட்டை வருவது புதிதில்லை. கிராஃபிக்ஸ் படித்தவர்கள் எல்லோரும் உருட்டி விளையாடிய அந்த ஸ்டான்ஃபோர்ட் முயலுக்கே அடியில் ஓட்டை உண்டு. 1994ல் ஒரு களிமண் பொம்மையை ஸ்கேன் செய்து 69,451 முக்கோணமாக ஆக்கினார்கள். அடிப்பக்கத்தில் லேசர் எட்டாத இடங்கள் அப்படியே திறந்து கிடக்கும். அதனால் அலட்டிக்கொள்ளாமல் ஃபைலைத் திறந்தேன். ஓட்டை இல்லை. மூலப் புள்ளிகளைத் திறந்தேன். கத்திரிக்காயைக் குறுக்கே நறுக்குவது போல, அந்த இடத்தில் தெருவை 5 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன்.

ரோடு நடுவில் முதுகு மாதிரி லேசாகப் புடைத்திருந்தது. வலது பக்கம் மெல்ல இறங்கி, அங்கிருந்து சடாரென்று நான்கடி உயரம் ஏறி நாயகன் வீட்டு வாசல். இடது பக்கம் இறங்கி, ஓரத்தில் நிற்காமல் இன்னும் இறங்கி, ரோட்டின் முதுகிலிருந்து 34 சென்டிமீட்டர் கீழே ஒரு வாசற்படி. படிக்கு அந்தப் பக்கம் வீட்டுத் தரை, அதைவிட இரண்டு சென்டிமீட்டர் கீழே. கதவு திறந்திருந்ததால் லேசர் உள்ளேயும் போயிருக்கிறது. விசிறி மாதிரி ஒரு துண்டு ஹால்: தரையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கிறது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் ஏதோ உயரமாகப் பட்டது. பெரிதாக்கினேன். அடியில் ஹாலோ பிளாக் இரண்டு அடுக்கு. அளந்தேன், 40 சென்டிமீட்டர். டிவியும் கண் மட்டத்துக்கு மேலே, மெடிக்கல் ஷாப்பில் வைத்திருப்பது போல.

நானும் மாம்பலத்தில் பிறந்தவன்தான், நான்கு தெரு தள்ளி. சென்னைக்காரர்களுக்கு இந்தக் குறுக்குவெட்டை விளக்கத் தேவையில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டால் ரோடு வளரும், வீடு வளராது. இடித்துக் கட்டுபவர்கள் நான்கடி மண் கொட்டித் தூக்கிக் கட்டிவிடுவார்கள், அவர்கள் வாசலில் விழுந்த மழையும் எதிர்வீட்டுக்குப் போகும். இதெல்லாம் நாற்பது வருடமாகக் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் ஒரு கோடாக, பச்சைப் புள்ளிகளாக, 34 என்ற எண்ணோடு பார்த்ததில்லை. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை 1999ல் ஸ்டான்ஃபோர்ட்காரர்கள் லேசர் ஸ்கேன் செய்யப் போனபோது, புத்தகங்களில் 434 சென்டிமீட்டர் என்று போட்டிருந்ததை நம்பிச் சாரம் செய்துகொண்டு போனார்களாம். சிலை 517 இருந்தது. ஐந்நூறு வருடமாக ஊரே அண்ணாந்து பார்த்த சிலை. எனக்கு அந்தக் கதை முன்பெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"ஓட்டை இல்லடா, வீடு" என்றேன். தம்பி ஸ்கிரீனைப் பார்த்தான். "அப்ப சிமுலேஷன் கரெக்டா?" என்றான். மறுபடி ஓட்டிக் காட்டினான். தெரு முழுக்க மழை சமமாக விழுகிறது. முதலில் ரோட்டு ஓரங்களில் நூல் மாதிரி ஓடுகிறது. பிறகு வேப்பமரத்தின் வேர் தூக்கிவிட்ட தார் மேட்டைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து, அவசரமே இல்லாமல், வழி தெரிந்த ஆள் மாதிரி அந்த வாசலுக்குப் போகிறது. நாங்கள் யாரும் அதற்கு வழி சொல்லவில்லை. கையால் மாடல் செய்த தெருவாக இருந்தால் இது நடந்திருக்காது. மாடலிங்கில் ரோடு என்றால் ஒரு சமதளம், சுவர் என்றால் 90 டிகிரி, தண்ணீர் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி தொடும்.

சொல்லிட்டு வரும், சொல்லாம வரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனவன் அந்தத் தெருவுக்கும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஷூட்டிங் சம்பந்தமாக என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

கேட் பாதிதான் திறந்தது. ரோடு உயர்ந்ததில் தட்டுகிறது என்று அடிக்கம்பியை அறுத்திருந்தார்கள், அறுத்த இடம் துருவேறிக் கூராக நின்றது. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, மூன்று மாதம் முந்தைய மிக்ஜாம் தண்ணீர் விட்டுப்போன கோடு. வீட்டம்மாவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவரும் முதலில் மெட்ரோவா என்றுதான் கேட்டார். சினிமா என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்கேனில் இருந்த அதே நாற்காலி.

போனில் அந்தக் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினேன். இதுதான்மா ரோடு, இது உங்க வாசல், 34 சென்டிமீட்டர் கீழ இருக்கு என்றேன். ஏதோ கண்டுபிடித்து வந்தவன் தோரணையில்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப மூணு படி ஏறணும் தம்பி. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒண்ணு. பெரிய பொண்ணு கல்யாணத்தப்ப ரோடும் வாசலும் ஒண்ணா இருந்துச்சு, பந்தல் போட சௌகரியமா இருந்துச்சு. இப்ப இறங்கி வர்றோம்."

சிமுலேஷனையும் காட்டினேன். தண்ணீர் வேப்பமரத்தைச் சுற்றி வருவதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "ஆமா, இப்படித்தான் வரும்" என்றவர், வீடியோ முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா இது ரெண்டாவது" என்றார்.

"எது ரெண்டாவது?"

"வாசல் தண்ணி. அது சொல்லிட்டு வரும், விருந்தாளி மாதிரி. முதல்ல பாத்ரூம் குழி வழியாத்தான் வரும். கொடகொடன்னு சத்தம் கேட்டா போதும், துணி மூட்டையை வச்சு அமுக்கிட்டு அம்மிக்கல்லைத் தூக்கி மேல வைப்பேன். அப்புறம்தான் வாசல். 2015ல சத்தம் கேக்கல, தூங்கிட்டேன்."

பாத்ரூமைக் காட்டினார். குழி வாயில் நிஜமாகவே அம்மிக்கல் வைக்கிற அளவுக்கு ஒரு தடம். நான் அங்கே நின்றுகொண்டு, தரைக்குள் போகும் நான்கு அங்குலக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கே போகிறது, தெருச் சாக்கடை எந்த மட்டத்தில் ஓடுகிறது, எங்கே நிரம்பித் திரும்புகிறது என்பதெல்லாம் என் 60 கோடிப் புள்ளிகளில் ஒன்றில்கூட இல்லை. லேசருக்குத் தோல்தான் தெரியும். அந்தத் தோலும் 2024 மார்ச்சில் ஒரு காலை இரண்டரை மணி நேரம் இருந்த தோல். அந்தப் பேட்டைக்கு அடியில் இன்னொரு பேட்டை இருக்கிறது: நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியை 1920களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இப்போதும் பலகை இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. மழை வந்தால் மட்டும் இரண்டும் வரும்.

கிளம்பும்போது, "படத்துல எங்க வீடு வருதா?" என்று கேட்டார். இடது ஓரத்தில் வரும் என்றேன். நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

வாசலை அடைத்தோம்

திங்கட்கிழமை ரிவ்யூ. தம்பி செய்த சிமுலேஷனைப் போட்டோம். சூப்பர்வைசர் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை அந்த வீட்டுல இல்லையே" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாயகன் குடியிருப்பது பச்சை கேட் போட்ட எதிர்வீடு, மண் கொட்டி உயர்த்தியது, வெள்ளமே ஏறாத வீடு. கேமரா வைக்க வசதியான அகலமான வாசல் அதற்குத்தான் இருந்தது. படத்தில் அழ வேண்டிய வீடு அதுதான். நான் அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிவ்யூவில் என்ன சொல்வது? நம்பர் சொல்லலாம், ஷாட் சொல்லலாம். அம்மிக்கல்லைச் சொல்ல அங்கே ஒரு கட்டம் கிடையாது.

செய்ய வேண்டியதைச் செய்தோம். தண்ணீர் வலது பக்கம் போவதற்காகத் தெருவை நீளவாக்கிலும் குறுக்கிலும் அரை டிகிரி சாய்த்தோம். அரை டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாது. 120 மீட்டர் நீளத்துக்கு அது ஒரு மீட்டர் இறக்கம். வேர் தூக்கிய தார் மேட்டைத் தேய்த்துச் சமமாக்கினோம். நாயகன் வீட்டின் நான்கடியை ஒன்றரை அடியாக இறக்கினோம். அப்படியும் கொஞ்சம் தண்ணீர் இடது பக்கம் பிடிவாதமாகப் போனது. தம்பி என்னைப் பார்த்தான். "அண்ணே, அந்த வாசலை மூடிரட்டா?" மூடிரு என்றேன். பிளேன் என்னும் தட்டையான பரப்பு ஒன்றை எடுத்து, கதவளவுக்குச் சுருக்கி, வாசலில் செங்குத்தாக நிறுத்தினான். கேமராவுக்குத் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் சுவர். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் போனோம். ஷாட் ஓகே ஆனது. நன்றாகவே இருந்தது, எங்கள் ஷோரீலில் இன்றைக்கும் அதுதான் முதல் ஷாட்.

மூலப் புள்ளிகள் டேப்பில் ஏறி ஆபீஸ் அலமாரியில் இருக்கின்றன. அந்தக் குறுக்குவெட்டை மட்டுமாவது எடுத்து அந்த அம்மாவிடம், இல்லை வார்டில் யாரிடமாவது கொடுத்தால் என்ன என்று பல தடவை யோசித்தேன். டேட்டா தயாரிப்பு கம்பெனியுடையது, எனக்கு உரிமை இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, ரோட்டு முதுகு 34 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்பது அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? மூன்று படியை எண்ணத் தெரிந்தவர்களிடம் போய் மில்லிமீட்டர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த இரண்டு காரணத்தில் எது நிஜம், எது சாக்கு என்று இன்னும் பிரிக்க முடியவில்லை.

படம் போன வருடம் வந்தது, பிறகு ஓடிடியிலும் வந்தது. ஒரு சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"தம்பி, மாம்பலம்மா பேசறேன். பேத்தி போன்ல போட்டுக் காட்டினா. நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், நம்ம வீடு வருது, வேப்பமரமும் வருது."

நல்லா இருந்துச்சாமா என்றேன்.

"எதிர்வீட்டுக்குள்ள அவ்வளவு தண்ணி போகுது, நம்ம வாசல்ல பொட்டுத் தண்ணி இல்லையே! எப்படிப்பா பண்ணீங்க?"

"வாசலை அடைச்சுட்டோம்மா."

ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. டிவி சத்தம் கேட்டது, யாரையோ குறைக்கச் சொன்னார்.

"எதை வச்சு அடைச்சீங்க?"